மாதிரிப் பாட்டு

“வெளியில இடியே விழுந்தாலும் உள்ள கேக்கக் கூடாது. அந்த மாதிரி இருக்கா?”

கடைக்குள் நுழைந்ததும் மகள் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

“யாருக்குங்க மேடம்?” என்றான் விற்பனையாளன்.

“அம்மாவுக்கு. போன்ல பாட்டு கேக்கிறதெல்லாம் அவங்களுக்குச் சரிப்படாது. பாட்டு மட்டும் பாடுற பிளேயரா காட்டுங்க.”

பின்னால் நின்ற அம்மா கூச்சத்தோடு சிரித்தாள். அவள் கண் அடிக்கடி சுவர்க் கடிகாரத்துக்குப் போய் வந்தது.

விற்பனையாளன் கண்ணாடி மேசைமேல் பிளேயர்களைப் பரப்பினான். “இதைப் பாருங்கம்மா, பெரிய ஸ்கிரீன். ஆயிரக்கணக்குல பாட்டு ஏத்தலாம்.”

“அவ்வளவையும் ஏத்தி வச்சு நான் என்ன கடையா போடப் போறேன் தம்பி?”

கடைசியில் அவள் எடுத்தது, ஓரமாகக் கிடந்த தீப்பெட்டி அளவு பிளேயர்.

“அது காட்சிக்கு வச்சதும்மா. இயர்போன்ல ஒரு பக்கம் வேலை செய்யாது. புதுசு எடுத்துத் தர்றேன்.”

“வேணாம், இதுவே எனக்குச் சௌகரியம். ஒரு காது போதும்.”

மகளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “ஆரம்பிச்சிட்டியா? வீட்டுல பிடி உடைஞ்ச கப்பு உனக்கு. அடிப்பிடிச்சது உனக்கு. கடைக்கு வந்து வாங்குறதுலயும் பாதி செத்ததுதான் வேணுமா?”

“கத்தாதடி. அப்பாவுக்கு என்னமோ ஏதோன்னா கேக்க வேணாமா? இன்னொரு காது அவருக்கு.”

அப்பா முதுகில் ஆபரேஷன் ஆகிப் படுக்கையில் இருக்கிறாராம். பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறார்களாம். கேட்டதும் விற்பனையாளனின் மனம் இளகிவிட்டது, அம்மா பக்கம்.

மகள் அசையவில்லை. “அதெல்லாம் இல்ல. பெரிய ஹெட்போனோட வருமே, அதை எடுங்க.”

படுத்த படுக்கையாக அப்பன். அம்மாவின் காதை அடைக்கப் பார்க்கிறாள். பெற்ற பெண்ணா இவள்? பொருமிக்கொண்டே அவன் எடுத்து வந்தான்.

“ஓரத்துல இருக்கிற இந்தப் பட்டனை அமுக்கினா வெளிச் சத்தம் வராது” என்று காட்டினானே தவிர, அதை அமுக்க அவனுக்கு மனம் வரவில்லை. பிளேயரில் இருந்த மாதிரிப் பாட்டை ஓடவிட்டு, ஹெட்போனை அம்மாவின் தலையில் மாட்டினான்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். விரல்கள் மேசைமேல் தாளம் போட்டன.

அடுத்தவர் வீட்டு நியாயம் பேசக் கிடைத்தால் நமக்கெல்லாம் வாய் சும்மா இருக்குமா? அவனுக்கும் இருக்கவில்லை.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம். ஐயா சத்தம் அம்மாவுக்குக் கேக்க வேணாமா? அவங்க சொன்னதுதானே சரி?”

மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“இதை வாங்கச் சொன்னதே அப்பாதாங்க.”

அவன் முழித்தான்.

“அப்பப்ப வலி உயிர் போகும். வாய்விட்டு முனகுங்க, அடக்காதீங்கன்னு டாக்டரே சொல்லியிருக்கார். ஆனா சின்னதா ஒரு முனகல் கேட்டாப் போதும், அம்மா கையில இருக்கிற தட்டை அப்படியே வச்சிட்டு ஓடி வந்துடுவாங்க. சாயங்காலம் நான் வேலை முடிஞ்சு வந்து அவர் பக்கத்துலயே உக்காந்திருந்தாலும் இதே கதைதான்.”

“சரி...”

“அவங்க ஒரு வாயாவது நிம்மதியா சாப்பிடட்டும்னு, அப்பா துண்டைச் சுருட்டி வாயில வச்சுக் கடிச்சிக்கிறார். நேத்து என்கிட்ட ரகசியமா சொன்னார். ‘நீ வீட்டுல இருக்கிற நேரத்துலயாவது உங்கம்மா காதுல எதையாவது மாட்டி விடும்மா. அவளும் பாட்டு கேக்கட்டும், நானும் கொஞ்சம் வாய்விட்டு முனகிக்கிறேன்’னு.”

அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மேசையிலிருந்த மற்ற பிளேயர்களை அவசரமாக எடுத்து உள்ளே வைத்தான்.

அம்மா கண்ணைத் திறந்து, ஹெட்போனைத் தானே கழற்றினாள்.

“இதையே வாங்கிக்கலாம்டி.”

“நிஜமாவா? பிடிச்சிருக்கா?”

“ரொம்பப் பிடிச்சிருக்கு. வெளியில ஒண்ணுமே கேக்கல.”

அம்மா மனசு மாறுவதற்குள் பில் போட்டுவிட வேண்டும் என்று மகள் பறந்தாள். அவள் அந்தப் பக்கம் போனதும், அம்மா கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“தம்பி, உங்க பாட்டு பாதியிலயே நின்னு போச்சு.”

“மாதிரிப் பாட்டு கொஞ்ச நேரம்தாம்மா ஓடும்” என்று பெட்டியை ஒட்டிக்கொண்டிருந்தவன், சட்டென்று நிமிர்ந்தான்.

“பாட்டு போடாம சும்மா மாட்டிக்கிட்டா எப்பவும் இப்படித்தானே? பக்கத்துல பேசுறதெல்லாம் கேக்கும்ல?”

“கேக்கும்மா.” அவன் பெட்டியை நீட்டினான். “அந்தப் பட்டனை மட்டும் அமுக்கிடாதீங்க.”

“மாட்டேன்” என்று அம்மா பெட்டியை வாங்கிக்கொண்டாள். “அவர் வாய்விட்டு முனகட்டும் தம்பி. நான் பாட்டு கேக்கிற மாதிரி தலையாட்டிக்கிட்டு, ரெண்டு காதாலயும் அவரைக் கேட்டுக்கிட்டு இருக்கேன்.”