வெட்டு இல்லாத விளையாட்டு

சுபைறாவின் காய் பிடிபட்டது.

தன் காயை அதற்குப் பக்கத்தில் வைத்துவிட்டு முத்தலிப் பேசாமல் இருந்தார்.

தாயம் என்றால் இந்த இடத்தில் "வெட்டு!" என்று கத்த வேண்டும். மாரி மழை முடிந்த பிறகு ஒரு நாள் அப்படித்தான் கத்திவிட்டார். அன்றைக்கு மனைவி சுபைறாவைக் கெஞ்சித்தான் விளையாட உட்காரவைத்திருந்தார். பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது.

அதைக் கேட்டதும் அவள் சோழிகளைக் கீழே வைத்தாள். எழுந்து குசினிக்குள் போனாள்.

அதற்குப் பிறகு அவள் தாயப் பலகையின் பக்கமே வரவில்லை. கல்யாணம் முடித்த நாளிலிருந்து மாலை அஸர் தொழுகைக்குப் பின் இருவரும் ஓர் ஆட்டம் போடுவார்கள். அந்த ஆட்டமும் நின்றுபோனது.

காய் சாகாத ஒரு விளையாட்டு வேண்டும் என்று முத்தலிப் தேடத் தொடங்கியது அப்போதுதான்.

கல்முனைக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர் அவர். முதலில் நூலகத்துக்குப் போனார். பாண்டிருப்பைச் சேர்ந்த நூலகர் கனகசபாபதி தடித்த இங்கிலீசுப் புத்தகங்களைப் புரட்டி, சீனாவில் என்ன விளையாடுகிறார்கள், ஆபிரிக்காவில் என்ன விளையாடுகிறார்கள் என்று வாசித்துச் சொன்னார். எல்லா இடத்திலும் பிடிபட்ட காய் பலகையை விட்டுப் போனது.

பிறகு வேலைக்குப் போன ஊர்களில் எல்லாம் கண்டதையும் விசாரித்தார். மருதமுனையில் நெசவாளர்களிடம், நூல் அறுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். முடிச்சுப் போட்டுவிட்டு நெய்வோம் என்றார்கள். இறக்காமத்தில் காவல் பரணில் ஏறி இருந்து, வயலுக்கு வந்த யானையை எப்படித் திருப்பி அனுப்புகிறார்கள் என்று பார்த்தார். முத்தலிபுக்கு என்னவோ பிடித்துவிட்டது என்று கடைத்தெருவில் கதைத்தார்கள்.

அந்த இறக்காமத்திலேயே, பக்கீர் என்ற விவசாயியின் முற்றத்தில் யாருடையதோ ஓர் எருமை கட்டிக் கிடந்தது. வழி தவறி வயலுக்குள் இறங்கியதாம். அதன் முன்னால் வைக்கோல், ஒரு வாளி தண்ணீர். சொந்தக்காரன் தேடிவந்ததும் அவிழ்த்து விடுவோம் என்றார் பக்கீர், அதில் என்ன கேள்வி என்பதுபோல.

அன்றைக்கே முத்தலிப் புது விளையாட்டு வரைய ஒரு பலகை வாங்கினார்.

இப்போது இருவருக்கும் நடுவில் கிடப்பது அந்தப் பலகைதான்.

சுபைறா தன் காயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ட காய் முடிஞ்சுதா?"

"ஏன் முடியுது? எங்கட ஊட்டில விருந்துக்கு வந்திரிக்கி. ஒங்கட மத்தக் காய் வந்து கூப்பிட்டா எழும்பிப் போகும்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை.

சோழியை உருட்டினாள். மற்றக் காயை நகர்த்தி நகர்த்திக் கொண்டுவந்து, பிடிபட்ட காயைக் கூட்டிக்கொண்டு போனாள். போகிற வழியில் அவர் தீட்டியிருந்தவற்றை விரலால் தடவிப் பார்த்தாள். வயல், குளம், யானை, தறி, பள்ளிவாசல் மினாரா, பாண்டிருப்புக் கோயில் கோபுரம்.

பலகையின் கிழக்கு ஓரத்தில் விரல் நின்றது. அங்கே நாலு விரல் அகலத்துக்கு ஒன்றும் கீறாமல் விட்டிருந்தார்.

"கடலக் காணல்லியே?"

முத்தலிப் தலை குனிந்துகொண்டார்.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்கு முதல் நாள் அந்தக் கடலுக்குத்தான் மகன் றவூப் தோணியில் போனான். தோணியும் திரும்பவில்லை, அவனும் திரும்பவில்லை. அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் கடல் என்ற சொல்லை வாயில் எடுத்ததில்லை.

"நீலம் இரிக்கிதானே? அடிங்க," என்றாள் சுபைறா. "அங்கால கரையில ஒரு ஊடும் கீறுங்க. அடுப்பெரியிற ஊடா இரிக்கட்டும்."

அவர் பெயின்ற் டின்னை எடுத்துவந்து திறந்தார். ஓரத்தில் ஒரு விரல் அகலம் கரைக்கு விட்டு, மிச்சம் முழுக்க நீலம் தீட்டினார். அக்கரையில் சின்னதாக ஒரு வீடு வரைந்து, கூரையிலிருந்து புகையும் எழுப்பினார். புகை கொஞ்சம் வளைந்து போனது.

"வாசல் எந்தப் பக்கம் வைக்க?" என்று கேட்டார்.

"எங்கட பக்கம் பாத்து," என்றாள்.