ஓரம்

ஷார்ஜாவில் அன்சாரின் அறையில் இருந்தது பழைய சதுர டிவி. காயல்பட்டினத்தில் அவன் மனைவி பாஹிமாவிடம் இருந்தது அகல டிவி. வேலை முடிந்ததும் இருவரும் இணையத்தில் ஒரே சண்டை விளையாட்டில் ஒரே அணியாகச் சேர்ந்துகொள்வார்கள்.

"மச்சான், இடப்பக்கம் ஒருத்தன் துப்பாக்கியோட நிக்கிறான்" என்பாள்.

"யாருமே இல்ல, சும்மா சொல்லாத" என்பான். அடுத்த நொடி சுடப்படுவான்.

ஒருநாள் கோபத்தில் தன் திரையைப் படமெடுத்து அனுப்பினான். அதே காட்சியில் தன் திரையின் ஓரத்தில் நின்ற மரம் அவனுடையதில் இல்லாததைப் பாஹிமா கவனித்தாள். அவன் டிவி இரு ஓரங்களையும் வெட்டியிருந்தது.

அதை அவனிடம் சொல்லவில்லை. டிவி செட்டிங்கில் போய்ப் படத்தைப் பெரிதாக்கி, தன் திரையின் ஓரங்களையும் வெட்டிவிட்டு ஆட உட்கார்ந்தாள்.

"இடப்பக்கம் யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டான் அன்சார்.

"எனக்கும் தெரியல மச்சான்."

விளையாட்டுக்குள் இருவரும் தோளோடு தோளாக முன்னே நடந்தார்கள்.