ஆனந்தனின் கை

ஆனந்தன் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

குனிந்து அதைப் பின் சக்கரத்துக்கு அடியில் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அவன் குனியவில்லை.

ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி தேவயானி பக்கக் கண்ணாடியில் கணவனைப் பார்த்தாள். அவளுடைய வலது கால் பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது. அழுத்த அழுத்த அது கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

“கல்ல வையா மாமா! இன்னா பாத்துனு நிக்கிற!”

அவன் இன்னும் இறுகினான்.

அமிர்தியிலிருந்து சிமெண்டு மூட்டைகளோடு மலையேறிய குட்டி யானை அது, சின்னச் சரக்கு வண்டி. அவளுடைய சொந்த வண்டி. ஏற்றத்தின் நடுவில், இன்ஜினிலிருந்து பின் சக்கரங்களுக்குப் போகும் இரும்புத் தண்டு கழன்று விழுந்துவிட்டது. அது போனால் இன்ஜின் தனி, சக்கரம் தனி. கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி நிற்காது. விழுந்த தண்டு பிரேக் ஆயில் குழாயையும் அடித்துக் கிழித்திருந்தது. பிரேக்கை மிதித்தால் அந்தக் கிழிசலில் ஆயில் ஒழுகும். மிதிக்காவிட்டால் வண்டி உருளும்.

ஹேண்ட் பிரேக்கை ஏற்கெனவே இழுத்திருந்தாள். வெறும் வண்டிக்கு அது போதும். சிமெண்டு ஏற்றிய வண்டிக்குப் போதாது.

பின்னால் கொஞ்ச தூரத்தில் வளைவு. வளைவில் தடுப்புச் சுவர் இல்லை. கண்ணாடியில் மரங்களின் உச்சிகள் மட்டும் தெரிந்தன.

பக்கத்து சீட்டில் அபிநயா தூங்கிக்கொண்டிருந்தாள். இறங்கும்போது ஆனந்தன் மகளை மடியிலிருந்து எடுத்து அங்கே படுக்க வைத்திருந்தான். பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் தேவயானியால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குதிக்க முடியாது.

இவ்வளவு கத்தலிலும் குழந்தை புரண்டுகூடப் படுக்கவில்லை. பிறந்ததிலிருந்து கேட்கும் சத்தம்தானே.

நெல்லிவாசல் பக்கத்தில் தேவயானியின் வீடு ஒரு சரிவில் இருந்தது. சாமை விளையும் நிலம் எதிர்ச் சரிவில். நடுவில் ஓடை. இந்தப் பக்கமிருந்து கூப்பிடும் குரல் ஓடையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும். அப்படிக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை, பக்கத்தில் இருப்பவரிடமும் அதே அளவில்தான் பேசும். சோறு ஆறுது வா என்பதும் கத்தல்தான். அதில் கோபம் இல்லை, தூரம்தான் இருந்தது.

ஆனந்தன் மட்டும், அவள் கூப்பிட்டால் நின்றுவிடுவான்.

அவன் வயரிங் வேலை செய்பவன். கை அவ்வளவு சுறுசுறுப்பு. அவள் குரல் கேட்டதும் அதே கை ஸ்குரூ டிரைவரோடு பாதியில் நிற்கும். சாப்பிடும்போது என்றால் கவளம் வாய்க்கு முன்னால் நிற்கும்.

“இன்னா மாப்ள, எந்தங்கச்சி கூப்ட்டா ஒனக்குக் கரண்டு கட்டாயிடுதா?” என்பார் அவளுடைய அண்ணன் பூபாலன். எல்லோரும் சிரிப்பார்கள். ஆனந்தனும் சிரிப்பான். காரணம் மட்டும் அவளுக்குப் பிடிபட்டதில்லை.

பெடல் இன்னும் இறங்கியது. வண்டி ஒரு சாண் பின்னால் நகர்ந்து நின்றது.

“யோவ்! கொயந்த இருக்குதுய்யா உள்ள! வையா கல்ல!”

கல் அவன் கையிலிருந்து நழுவி விழுந்தது.

அவனுடைய இடது முழங்கை மேலே எழுந்தது. காதையும் கன்னத்தையும் மறைத்துக்கொண்டது. தலை தோளுக்குள் இறங்கியது. கண்கள் மூடிக்கொண்டன.

முப்பது வயது ஆள். அடிக்க யாருமே இல்லாத ரோட்டில், அடி விழப்போகிறவன்போல நின்றான்.

தேவயானிக்குப் படவேட்டில் இருந்த மாமனார் வீடு ஞாபகம் வந்தது. மாமனார் இறந்த பிறகுதான் அவள் அந்த வீட்டுக்குள் கால் வைத்தாள். மாமியார் ராணியம்மாள் டம்ளரைத் தரையில் வைக்கும்போது சுண்டுவிரலை அடியில் கொடுத்து வைப்பார். விரலில் இறங்கிய டம்ளர் ஓசைப்படாமல் தரையில் உட்காரும். ஆனந்தனும் அப்படித்தான் வைப்பான். கதவையும் அப்படித்தான் சாத்துவார்கள். பதவிசான வீடு என்று அவள் அண்ணனிடம் பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

சத்தம் கேட்டால் எழுந்து வர அந்த வீட்டில் ஒருவர் இருந்திருக்கிறார்.

இன்னொரு முறை கத்த அவளுக்கு நெஞ்சு நிறைய மூச்சு ஏறியிருந்தது. பயம் வந்தால் அவளுக்குக் குரல் தானாக உயரும். அவனுக்குக் கை நிற்பதுபோல அவளுக்கு அது. நெஞ்சு நிறைந்திருந்தால் கத்தல்தான் வரும். அந்த மூச்சை வாய் வழியாக மெல்ல வெளியே விட்டாள். பெடல் தரையைத் தொட இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. இருந்தாலும் மூச்சை முழுதாக விட்டாள்.

இன்ஜின் நின்றிருந்ததால் காட்டில் வேறு சத்தம் இல்லை.

“மாமா,” என்றாள், பக்கத்தில் தூங்குபவரை எழுப்பாத குரலில். “ஒண்ணும் இல்ல மாமா. கல்லு உன் கால்கிட்டதான் கீது. எட்து டயருக்குப் பின்னாடி வை.”

முழங்கை இறங்கியது.

அவன் கண்ணைத் திறந்தான். குனிந்தான். கல்லை எடுத்தான். எந்தப் பக்கம் தட்டையோ அது தரையில் படும்படி திருப்பி, சக்கரத்துக்கு அடியில் செருகினான். வயரிங் வேலைக்காரனின் கை.

பெடல் தரையைத் தொட்டது. டயர் கல்லின் மேல் நறநறவென்று ஏறப் பார்த்தது. ஏற முடியாமல் நின்றது.

“அந்தப் பக்க டயருக்கும் ஒண்ணு, மாமா.”

அதையும் வைத்தான்.

பழக்கமில்லாத அமைதியில் அபிநயா விழித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

தேவயானி காலை எடுத்தாள். வண்டி நகரவில்லை.

ஆனந்தனிடம் மெதுவாகச் சொல்ல வேண்டும். சொன்னால் கை வேலை செய்யும்.