ஓடியவன்

எல்லோரும் கையைத் தூக்கிவிட்டார்கள்.

அவள் மட்டும்தான் பாக்கி.

ஜூரி அறையில் ஹீட்டர் முனகிக்கொண்டிருந்தது. மேசையில் ஆறிப்போன கோப்பிக் குவளைகள். பன்னிரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் அவன் குற்றவாளி. ஒருவர் மறுத்தாலும் ஆகாது.

வைன் கடையில் கொள்ளை. கத்தி காட்டியவனின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. கறுப்பு ஜக்கெட் என்றார்கள். அவனும் கறுப்பு ஜக்கெட். அவனிடம் கத்தி இல்லை, கடையிலிருந்து போன எதுவும் இல்லை.

ஆனால் பொலிஸ் கார் தெருமுனையில் திரும்பியதும் அவன் ஓடியிருந்தான்.

அவ்வளவுதான்.

"பிழை செய்யாதவன் ஏன் ஓடவேணும்?" என்றாள் மோனிக்கா. அவளுடைய கட்டடத்திலேயே இரண்டு மாடி கீழே இருப்பவள். லிஃப்டில் கண்டால் சிரிப்பாள். "நானும்தான் காலமை நாயோட ஓடுறன். பொலிஸ் எனக்குக் கை காட்டிட்டுப் போவினம்."

எல்லோரும் சிரித்தார்கள்.

அவளும் சிரித்தாள்.

அந்தக் கட்டடம் நிற்கும் இடத்தில் முன்பு செங்கல் குடியிருப்புகள் இருந்தன. அவன் அங்கே பிறந்தவன். கொள்ளை நடந்த அன்றும் பழைய வாசல் இருந்த இடத்தில்தான் நின்றிருந்தான். பழக்கம், என்றார் அவனுடைய வக்கீல்.

வாசல் இப்போது இல்லை. பழைய சுவரில் ஒரு துண்டை மட்டும் அழகுக்காக விட்டுவைத்து விளக்குப் போட்டிருக்கிறார்கள்.

அங்கே இருந்தவர்களைக் கேட்டால் சொல்லியிருப்பார்கள், அந்தத் தெருவில் பொலிஸ் காரைக் கண்டால் எவரும் நிற்பதில்லை என்று. அவர்கள் வாடகை தாங்காமல் எங்கெங்கோ போய்விட்டார்கள். ஜூரிக்கு அழைக்கும் கடிதங்கள் புதிதாகக் குடிவந்தவர்களின் தபால் பெட்டிகளுக்கு வந்தன.

முதல் நாள் அவன் ஜூரி வரிசையை ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். தெரிந்த ஒருவரைத் தேடுவது போல.

அவளிடம் வந்ததும் பார்வை நின்றது.

அவன் ஏன் ஓடினான் என்று அவளுக்குத் தெரியும்.

யாழ்ப்பாணத்தில், இராணுவ ஜீப் சத்தம் கேட்டதும் அண்ணா புத்தகங்களைப் போட்டுவிட்டு வேலி பாய்ந்தான். ஒன்றும் செய்யாதவன். பிடித்தவர்கள் கேட்டதும் இதே கேள்விதான். ஏன் ஓடினாய்? அவன் வாய் திறப்பதற்குள் துவக்குப் பிடி முழங்காலில் இறங்கியது.

இதைச் சொன்னால் போதும்.

வாயைத் திறந்தாள்.

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். பொறுமையாக. அன்பாக. தங்களில் ஒருத்தியைப் பார்ப்பது போல.

அந்தப் பார்வைக்கு வந்து சேர அவளுக்கு எத்தனையோ வருடங்கள் பிடித்திருந்தன.

கையைத் தூக்கினாள்.

தீர்ப்பை வாசித்தபோது அவன் யாரையும் பார்க்கவில்லை. குனிந்து தன் சப்பாத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து அண்ணா போன் எடுத்தான்.

"கேஸ் முடிஞ்சுதே? பெடியன் என்ன செய்தவன்?"

அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தாள். கீழே பழைய சுவருக்கு விளக்குப் போட்டிருந்தார்கள்.

"ஓடினவன்," என்றாள்.

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அறவில்லை.

"அங்க இப்ப பனியோ?" என்று கேட்டான், கடைசியில்.

"ஓம் அண்ணா. நல்ல பனி."

ஒவ்வொரு முறையும், வைப்பதற்கு முன், கால் நோகுதா என்று கேட்பாள்.

அன்று கேட்கவில்லை.