புகையில்லாத ஒயின்

ஏப்ரல் ஒன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு வியாபாரி செபஸ்தி மேல்மலைக்கு வந்தார். மலை சூடேறி பனி விழுவதே நின்றுபோன பிறகு அங்கே பழையபடி பூண்டு விளையவில்லை, திராட்சைதான் விளைந்தது.

முந்தின வருடம், தன் திராட்சைத் தோட்டத்துக்குள் காட்டுத்தீ ஏறாமல் தடுக்கப் போன ஞானாதிக்கம் எரிந்து இறந்தார். கொடிகள் பிழைத்தன. பழங்களில் புகை இறங்கியிருந்தது. அவர் மனைவி இருதயமேரி அந்தப் பழத்தில் செய்த ஒயினைக் கீழே கொட்டப் போனாள். செபஸ்திதான் தடுத்து வாங்கிப் போனார். அந்தப் புகை ருசி பிடித்துப்போய், நகரத்தில் அதன் பிறகு எல்லோரும் அதையே கேட்டார்கள்.

இப்போது அவள் புது ஒயினை ஊற்றிக் கொடுத்தாள். அதைத் தவிர அவளிடம் விற்க எதுவும் இல்லை.

செபஸ்தி ஒரு மடக்கு குடித்தார்.

“புகை எங்கம்மா? விறகு தீந்துபோச்சா?”

“இந்த வருசம் தீ வரலண்ணே. மாதாகிட்ட அதத்தான கேட்டேன்.”

“இத யாரு வாங்குவா? எதிர்மலையில தோட்டக்காரங்களே புகைக்காகக் காட்டக் கொளுத்திட்டாங்க,” என்றார் செபஸ்தி. “அடுத்த பழத்துக்கு நீ எப்பம்மா தீ வைக்கப் போற?”