பிரேக் பெடல்

“அழுத்து… பிடி… நான் சொல்லாம காலை எடுக்காத” என்று காருக்கு அடியிலிருந்து கிளமெண்டின் குரல் வந்தது. இங்கிலாந்தில் செய்த, ஐம்பது வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. போர்டிகோவில் வைத்தே அதற்குப் புது டிஸ்க் பிரேக் மாட்டியிருந்தான். குழாய்க்குள் நிற்கும் காற்றை வெளியேற்ற, உள்ளே உட்கார்ந்து மனைவி பெடலை மிதிக்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தா ஒரு நொடி முன்னதாகக் காலை எடுத்துவிட்டாள். காற்று திரும்பப் புகுந்து அன்றைய வேலை முழுக்க வீணானது. அவன் எறிந்த ஸ்பானர் அவள் காதை உரசிப் போய்ச் சுவரில் பட்டது.

இன்று மூச்சைக்கூட அவள் பார்த்துப் பார்த்துத்தான் விட்டாள். திடீரென்று ஜாக்கி சரியும் சத்தம் கேட்டது. கார் வலதுபக்கமாக ஒரு சாண் இறங்கியது. காலை எடுத்துவிட்டோமோ என்றுதான் முதலில் பயந்தாள். இல்லை, பெடல் பாதத்துக்குக் கீழேதான் இருந்தது.

“என்னங்க, விடலாமா?”

தாழ்வான கதவுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். புது பிரேக் ஆயில் தேன் நிறத்தில் இருக்கும், பழசு கறுத்திருக்கும் என்று அவன் சொல்லியிருந்தான். கதவுக்குக் கீழே தரையில் மெல்ல வந்துகொண்டிருந்தது இரண்டுமில்லை.

“விடலாமாங்க?” என்று இன்னொரு தடவை கேட்டாள். பெடலிலிருந்து கால் நழுவிவிடாமல் முழங்காலை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.