அறுபது படங்களின் மிச்சம்

“ஓசியில கிடைக்கிறது இந்த லட்சணத்துலதான் இருக்கும்” என்று கணினி முன்னால் சலித்துக்கொண்டான் கணவன். புகைப்படங்களைத் திருத்த இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் லைப்ரரி ஒன்றை ஆபீசுக்காகச் சோதித்துக்கொண்டிருந்தான்.

“என்னவாம்?” என்றாள் மனைவி.

“காலையிலேர்ந்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணா, நம்ம ஹாலை அறுபது படம் எடுத்தேன். எல்லாத்தையும் ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி, அசையிறதை மட்டும் அழிக்கச் சொல்லி புரோகிராம் எழுதினேன். காலி ஹால்தானே மிஞ்சணும்?”

“மிஞ்சலையா?”

“நீ போயிட்டே, நான் போயிட்டேன், பூனைகூடப் போயிடுச்சு. மாமா மட்டும் சாய்வு நாற்காலியில அச்சு அசலா இருக்கார்.”

“அப்பா அசந்து தூங்குறார். அதான் நானும் எழுப்பலை.”

“தூங்கினா மட்டும்? தலை கொஞ்சம் சாயும், மூச்சுக்கு நெஞ்சு ஏறி இறங்கும். அந்த இடமாவது கலங்கித் தெரியணும். இதுல சட்டைப் பொத்தானை எண்ணலாம். லைப்ரரி சரியில்லைன்னு எழுதிட வேண்டியதுதான்.”

எழுதப் போனவனின் விரல்கள் பாதியில் நின்றன.

அவள் திரையை நெருங்கிப் பார்த்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில், காலையில் அவள் வைத்துவிட்டு வந்த காபியும் அழியாமல் இருந்தது, விளிம்புவரை நிரம்பி.